பால் பிடித்த மரவள்ளி

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீரில் ஒரு பித்தளைக் குடம், இரண்டு கோரைப்பாய், ஒரு டிரங்குப் பெட்டி, மூன்று கட்டு மரவள்ளிக் குச்சி ஆகியவை இருந்தன. குடம் எப்போதோ ஓட்டையாகிப் போனது. பெட்டி துருப்பிடித்தது. அந்தக் குச்சியை மட்டும் எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

நான் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டில். வாழ்க்கைப்பட்டது மன்னார்குடிக்குக் கிழக்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்காலும் வயலுமாக இருக்கும் ஊரில். எங்கள் பக்கம் கடலை போடுவோம், மரவள்ளி போடுவோம், எள் தெளிப்போம். இங்கே நெல்லைத் தவிர மற்றதெல்லாம் வேலியோரம் தானாக முளைக்கிற சமாசாரம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் நகையைப் பற்றிப் பேசவில்லை. "ஒங்க பக்கம் மரவள்ளி போடுவீங்கள்ல, கொஞ்சம் குச்சி குடுத்தனுப்புங்க" என்றுதான் கேட்டார்கள். அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

காரணம் இதுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆட்சி மாறியிருந்தது. ஊர் முனையில் ஆளுங்கட்சிக் கொடி ஒன்றும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி ஒன்றும் எதிரெதிரே பறந்துகொண்டிருந்தன. ஊருக்குத் தெற்கே 'திடல்' என்று ஒரு மணல்மேடு உண்டு. புறம்போக்கு. ஆனால் பண்ணை வீட்டு மாடுதான் அதில் மேயும், பண்ணை வீட்டு வைக்கோல்போர்தான் அதில் நிற்கும். சங்கத்துக்காரர்கள் மனுமேல் மனு போட்டு, ஊர்வலம் போய், அடிபட்டு, சிலர் ஜெயிலுக்கும் போய் வந்த பிறகு, அந்தத் திடலை ஏழு கூலிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது அரசாங்கம். அந்த ஏழில் ஒருவர் என் கணவர். பெற்றவர்கள் இல்லாத தனி ஆள்.

கொடுத்த காகிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நிலத்தில் சாகுபடி செய்ய வேண்டும். தரிசாகப் போட்டால் பட்டா ரத்து. அந்த ஒரு வரியை எங்களைவிடப் பண்ணை வீட்டார் நன்றாக மனப்பாடம் செய்திருந்தார்கள். "நாத்து நடத் தெரிஞ்சவனுக்கு மணல்ல என்ன தெரியும்? காலியாத்தான் கெடக்கும். தானா திரும்பி வரும்" என்று டீக்கடையில் உட்கார்ந்து ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திடலுக்கு வாய்க்கால் தண்ணீர் ஏறாது. நெல் நடக்காது. மேட்டிலும் மானாவாரியிலும் வருவது என்னவென்று விசாரித்து விசாரித்துத்தான் ஏழு குடும்பத்தாரும் மரவள்ளிக்கு வந்து, மரவள்ளியிலிருந்து எனக்கு வந்திருக்கிறார்கள்.

ஆக நான் வெறும் மருமகளாக வரவில்லை, நிபுணராக வந்தேன். பத்தாவது வரை படித்தவள் வேறு. தலையில் கொஞ்சம் கனம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால் நான் மரவள்ளியைத் தின்ற அளவுக்கு நட்டவள் இல்லை. அப்பா நடும்போது பள்ளிக்கூடத்தில் இருப்பேன், பறிக்கும்போது அடுப்படியில் இருப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தெருவில் எல்லாருக்கும் பேச்சுத் துணை, வழக்குத் தீர்ப்பு, நடவில் முதல் ஆள் எல்லாமே மேலண்டை வீட்டு அக்காதான். எனக்கு ரத்த சம்பந்தம் இல்லை, தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். புருஷனை இழந்தவள். ஏழு பட்டாவில் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது அவளுடையது ஒன்றுதான். அவளுடைய துண்டு எங்கள் துண்டுக்கு மேற்கே, ஒரே வரப்பு. நான் வந்த புதிதில் அவளோடு பண்ணை வயலுக்குக் களை பறிக்கப் போனேன். பயிர் கொஞ்சம் சோர்ந்திருந்தது. சும்மா இருக்காமல், "ஏக்கா, இதுல சாவி ஜாஸ்தியா விழுமோ?" என்று கேட்டேன். சாவி என்றால் பால் பிடிக்காமல் பதராகப் போன நெல். பொட்டென்று பின்மண்டையில் ஓர் அடி விழுந்தது.

"பயிரு நிக்கிற எடத்துல அந்த வார்த்தைய சொல்லுவியா? லேசுன்னு சொல்லுடி. பயிருக்குக் காது இருக்கு."

அன்றிலிருந்து எனக்கும் அது லேசுதான். அவள் வீட்டில் பூட்டுக்குப் போடுகிற சாவியைக்கூடத் திறப்பு என்றுதான் சொல்வாள்.

அதே வார்த்தையைப் பற்றி என் கணவர் இன்னொரு கதை சொன்னார். ஊரில் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கர்ணம் ஒரு கணக்கு எழுதுவார். அடங்கல் என்று பெயர். பயிர் வைத்து அது கெட்டுப்போயிருந்தால் அதில் சாவி என்று எழுதுவார்கள். எழுதினால் தீர்வை தள்ளுபடி. பண்ணை வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கும், அடங்கலில் வருஷா வருஷம் சாவி என்று இருக்கும். கர்ணம் பண்ணைக்கு வேண்டியவர். "அவங்க வெளஞ்சதுக்குச் சாவி எழுதிக்கிறாங்க, நாம சாவிய வாயால சொல்லவும் பயப்படறோம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கேயாவது உதவும் என்று நினைத்து அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆடியில் இரண்டு மழை விழுந்ததும் நட்டோம். மரவள்ளிக் குச்சிக்கு எங்கள் பக்கம் விலை கிடையாது. கேட்டவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், காசு வாங்கினால் கிழங்கு கசந்துவிடும் என்பார்கள். நானும் மூன்று கட்டையும் ஏழு குடும்பத்துக்கும் பங்கு வைத்தேன். குச்சியை ஒரு சாண் அளவு கரணைகளாக நறுக்க வேண்டும். கணு நசுங்கக் கூடாது. இவர்கள் கதிர் அறுக்கிற கை, வெடுக்கென்று இழுப்பார்கள். அதனால் யாரையும் தொடவிடாமல் ஏழு குடும்பத்துக் கரணையையும் ஒரே அரிவாளால் நானே நறுக்கினேன். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

செடி நன்றாக வந்தது. ஆவணியில் முழங்கால், புரட்டாசியில் இடுப்பு. வயலுக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றே திடல் வழியாகச் சுற்றிப் போனார்கள். டீக்கடை ஜோசியம் அடங்கியது. அக்கா தினமும் விடிந்ததும் ஒரு நடை வந்து இலைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போவாள். சொந்த மண்ணில் சொந்தச் செடியைத் தொடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலையில் அக்கா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏ புள்ள! ஓடியா, ஒன் மரவள்ளி பால் பிடிச்சிருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சைத் தண்டிலும் இலைக்காம்பிலும் சின்னச் சின்னச் சொட்டாகப் பிசின் கசிந்து நின்றது. தேன் நிறம். இலைகளில் அங்கங்கே கோணல்மாணலாக ஈரத் திட்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருந்தது. நெல்லில் வளர்ந்தவர்களுக்குப் பால் பிடிப்பதைவிட நல்ல சேதி கிடையாது. மணியை நசுக்கிப் பார்த்துப் பால் வந்தால் போதும், பாதி அறுவடை ஆன மாதிரி. அந்தக் கண்ணோடுதான் அவர்கள் மரவள்ளியைப் பார்த்தார்கள். தண்டில் பால் சொட்டுகிறது, அப்படியானால் கிழங்கு திரள்கிறது.

ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒங்க ஊர்லயும் இப்படித்தான பிடிக்கும்?"

எங்கள் ஊரில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை. கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், தெரியும். கிள்ளாமல் தானாகப் பிசின் வடிந்து நான் கண்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஏழு குடும்பம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பத்தாவது வரை படித்த வாய் அதைச் சொல்ல மாட்டேன் என்றது.

"ஆமாக்கா. இப்படித்தான் பிடிக்கும்."

அதோடாவது நிறுத்தினேனா? பால் வீணாகாமல் கிழங்குக்கு இறங்க வேண்டும் என்றால் பக்கக் கிளையைக் கழித்துவிட வேண்டும் என்று என் வாயிலிருந்தே ஒரு வைத்தியமும் வந்தது. எங்கே கற்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றே ஒரு தேங்காய் உடைத்தார்கள். அடுத்த மூன்று நாளும், இலையெல்லாம் மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, அதே என் அரிவாளை எடுத்துக்கொண்டு துண்டு துண்டாகப் போய் ஏழு பேர் கொல்லையிலும் கிளை கழித்தோம்.

இரண்டு வாரத்தில் குருத்து தொங்கியது. அப்புறம் காய்ந்தது. இலைத் திட்டுகள் பழுப்பாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, இலையே சுருண்டு உதிர்ந்தது. அரிவாள் எந்த வரிசையில் போனதோ அதே வரிசையில் காய்ந்துகொண்டே போனதை நான் மட்டும்தான் கவனித்தேன். சொல்லவில்லை.

என் கணவர் சைக்கிளில் போய் விவசாய ஆபீசரை அழைத்து வந்தார். இளவயது. மழையில் நனைந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். ஒரு தண்டை நெடுக்காகப் பிளந்தார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. இலையைத் தூக்கிப் பார்த்தார், பிசினைத் தொட்டுப் பார்த்தார். "பாக்டீரியா" என்றார்.

"பேட்டரியா?" என்றாள் அக்கா. "செடிக்கு என்னத்துக்குங்க பேட்டரி?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கிருமி. செடிக்குள்ளேயே ஓடும். வடிகிறது பால் இல்லை, சீழ் மாதிரி. மழைச் சாரலில் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தெறிக்கும். ஈர இலையில் கை வைத்தால் கையில் வரும். எல்லாவற்றையும்விட அரிவாளில் வரும்.

"மொதல்ல எங்கேருந்து வந்துச்சுங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"நட்ட குச்சி மிச்சம் இருக்கா?"

எங்கள் வீட்டுக் கூரையில் இரண்டு குச்சி செருகியிருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வெட்டி, வெட்டுவாயை எல்லாருக்கும் காட்டினார். நடுவில் அதே பழுப்பு. வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் சீர்தான் நோய். அப்பாவுக்குத் தெரிந்திருக்காது, அவர் அந்த வருஷம் பக்கத்துக் கொல்லையில் வாங்கிய குச்சி அது. ஆனால் பிசினைப் பார்த்து 'ஆமாம்' சொன்னது அப்பா இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வரப்பில் எதிரெதிரே வந்தாலும் என்னோடு பேசவில்லை.

மருந்து கிடையாது என்றார் ஆபீசர். நோய்ப் பட்ட செடியை வேரோடு பிடுங்க வேண்டும், உதிர்ந்த இலையைக்கூட விடாமல் கூட்டி எரிக்க வேண்டும். அரிவாளை ஒவ்வொரு தடவையும் தீயில் காட்ட வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது கொல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த மண்ணில் ஒரு வருஷத்துக்கு மரவள்ளி வேண்டாம், பயறோ கடலையோ போடுங்கள். மறுபடி போடும்போது நோய் இல்லாத இடத்துக் குச்சியை வெட்டுவாய் பார்த்து எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தும்மிக்கொண்டே போனார்.

சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கார்த்திகை பிறந்தால் அஜ்மாயிஷ் வரும். அடங்கலில் எழுதியிருக்கிற பயிர் நிலத்தில் இருக்கிறதா என்று தாசில்தார் நேரில் வந்து பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். திடலில் பயிரே இல்லை, பட்டாவை ரத்து செய்யுங்கள் என்று பண்ணை வீட்டார் ஏற்கனவே மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிடுங்கி எரித்தால் தாசில்தார் கண்ணுக்கு வெறும் மணல்தான் தெரியும். எரிக்காவிட்டால் நோய் மண்ணிலும் சருகிலும் தங்கும், அடுத்த போகத்திலும் வரும்.

ஆண்கள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். "செத்தாலும் நிக்கட்டும். தாசில்தார் வந்துட்டுப் போவட்டும், அப்பறம் கொளுத்திக்கலாம்." நியாயமான பேச்சுதான். என் கணவரும் அதையேதான் சொன்னார்: "கொல்லை காலியா கெடந்தா பட்டா போயிரும், புள்ள."

"நிக்கிறது பயிர் இல்லீங்க, பொணம். பொணத்தக் காட்டியா பட்டா வாங்குவீங்க?" என்றேன். கோபம் அவர் மேல் இல்லை. என் மேல் எனக்கிருந்த கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டியிருந்தது.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தது. இலை காய்ந்த பிறகு, எங்கள் துண்டில் நானே பிடுங்க ஆரம்பித்தேன். தண்டு பச்சை, லேசில் எரியாது. பனைமட்டையும் வைக்கோலும் அடியில் போட்டுக் கொளுத்தினோம். புகை ஊரையே சுற்றியது. அடியில் கிழங்கு என்று விரல் தடிமனில் நாலு வேர் வந்தது. என் கணவர் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் அவரும் குனிந்தார். அதைப் பார்த்து அடுத்த துண்டுக்காரர், அவரைப் பார்த்து அடுத்தவர். அக்கா கடைசி ஆள். அவள் பிடுங்கும்போது உதவப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணை உதறி, சொந்த மனுஷரைக் கிடத்துகிற மாதிரி நெருப்பில் கிடத்தினாள். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

சாம்பல் ஆறியதும் காராமணி விதைத்தோம். முளைத்துக் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரமாவது ஆகும். விதைத்த மூன்றாம் நாளே அஜ்மாயிஷ் வந்துவிட்டது.

தாசில்தார் ஜீப்பில் வந்தார். பின்னால் கர்ணம், கையில் அடங்கல் நோட்டு. பண்ணை வீட்டு ஆட்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். ஏழு பட்டாதாரர்களும் அவரவர் துண்டின் தலைமாட்டில் வரிசையாக நின்றார்கள். நான் என் கணவருக்குப் பின்னால் நின்றேன். திடல் கறுப்பும் மணலுமாகக் கிடந்தது.

"என்ன பயிர்?" என்றார் தாசில்தார்.

"பயிர் ஏதுங்க? தரிசு" என்றார் கர்ணம். எழுதியே கொண்டுவந்துவிட்டார்.

என் கணவர் நோய், ஆபீசர், எரித்தது என்று சொல்ல ஆரம்பித்தார். பயத்தில் எல்லாம் முன்பின்னாக வந்தது. தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். பேனா திறந்திருந்தது. அந்த நேரத்தில்தான் பண்ணைக் கணக்கைச் சொல்லிச் சிரித்த கதை என் ஞாபகத்துக்கு வந்தது.

"தரிசு இல்லீங்கய்யா" என்றேன். "சாவி."

வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. மண்ணுக்கடியில் விதை கிடக்கிறது. அதன் தலைமேல் நின்றுகொண்டு நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"தரிசுன்னா ஒண்ணும் வைக்காதது. நாங்க வச்சோம், கெட்டுப்போச்சு. வச்சது கெட்டா சாவின்னுதானே எழுதணும்? வெளஞ்ச வயலுக்கெல்லாம் சாவின்னு எழுதுற பேனாதானுங்களே அது, எங்களுக்கு மட்டும் மையில்லாம போச்சா?"

கர்ணத்தின் முகம் மாறியது. தாசில்தார் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீழே குனிந்து சாம்பலைக் காலால் விலக்கினார். எரியாமல் மிஞ்சிய ஒரு தண்டின் அடிக்கட்டை தெரிந்தது. ஆபீசர் எழுதிக் கொடுத்த காகிதத்தை என் கணவர் நீட்டினார். படித்தார்.

"சாவின்னா நட்டிருக்கணும். எல்லாரும் நட்டீங்களா? தனித்தனியா சொல்லுங்க. ஒங்க நெலம்?"

"சாவிங்க" என்றார் என் கணவர்.

அடுத்தவரும் "சாவிங்க" என்றார். அடுத்தவர். அதற்கடுத்தவர். வாழ்நாளில் வயலில் நின்று வாயால் சொல்லாத வார்த்தையை ஆறு பேர் சொன்னார்கள். ஒருவர் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சம் அக்கா மட்டும்தான்.

அதற்குள் கர்ணம் குறுக்கே வந்தார். "இது வெள்ளாமையே இல்லீங்க. இந்தப் பொண்ணுதான் எங்கேருந்தோ சீக்குக் குச்சியக் கொண்டாந்து ஊரையே கெடுத்திருக்கு. பேருக்கு நட்டுட்டுப் பட்டாவ அமுக்கப் பாக்குறாங்க."

"குச்சி யாரு குடுத்தது?" என்றார் தாசில்தார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அக்காவின் குரல் வந்தது.

"கேட்டு வாங்குனது நாங்கங்க. அவ குடுத்தா. குடுக்கறவ கிட்டயா குத்தம்? பால் பிடிச்சிருக்குன்னு மொதல்ல கத்துனதும் நாந்தான். இவளுக்கு என்ன தெரியும், இவ நேத்து வந்தவ." மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். விரல் தடிமனில் நாலு வேர். எரிக்காமல் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். "பேருக்கு நட்டா இது எறங்குமாங்க? தெனமும் விடிஞ்சதும் செடியத் தடவிப் பாத்துட்டுதான் நான் கஞ்சி குடிச்சேன்."

தாசில்தார் வாங்கிப் பார்த்தார். "சரிம்மா. ஒங்க நெலம் என்ன, அதைச் சொல்லுங்க."

அவளால் சொல்ல முடியவில்லை. காலடி மண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விதைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ரகசியமாகச் சொன்னாள்.

"சாவிங்க."

தாசில்தார் நோட்டை வாங்கி, ஏழு வரியிலும் தரிசை அடித்து, தன் கையாலேயே எழுதினார். ஜீப் போனது. திரும்பி நடக்கையில் அக்கா என் பக்கத்தில் வந்து, இத்தனை நாளாகப் பேசாதவள், "வாயெல்லாம் கசக்குதுடி. வெத்தல இருந்தா குடு" என்றாள். நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. அடுத்த வீட்டுக்கு ஓடிப் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

காராமணி நன்றாகவே வந்தது. எங்கள் சொல் அதற்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அதற்கடுத்துக் கடலை. பிறகு வேறு ஊரில் குச்சி எடுத்து மரவள்ளி போட்டோம். ஒவ்வொரு குச்சியின் வெட்டுவாயையும் பார்த்து, ஆளுக்கொரு அரிவாள், ஒவ்வொன்றையும் தீயில் காட்டி எடுத்துத்தான் நறுக்கினோம். குச்சிக்குக் காசு வாங்குவதில்லை என்பது மட்டும் மாறவில்லை. ஆனால் கொடுக்கிறவர் வெட்டுவாயைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நானும் கற்றுக்கொண்டேன். அப்புறம் பால்வாடியில் வேலை கிடைத்து, பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு அதைத் தினமும் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

போன வருஷம் மகள் பெயருக்கு நிலத்தை மாற்றுவதற்காகப் பழைய அடங்கல் நகல் கேட்டு எழுதிப் போட்டேன். ஆபீசில் இருந்த பெண் நகலை என்னிடம் கொடுக்கும்போது, "இது என்னங்கம்மா, மரவள்ளி சாவின்னு போட்டிருக்கு? எந்த ரூம் சாவி?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "எங்க வீட்டுதுதாம்மா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேராகத் திடலுக்குப் போனேன். அக்கா அவளுடைய கொல்லையில் கடலைக்குக் களை பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது. கையால் தடவித்தான் களையையும் செடியையும் பிரித்தறிகிறாள். வரப்பில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். "ஏழு பேரும் இருக்கோம்க்கா. படிக்கிறேன் கேளு. மொத வரி எங்க வீட்டுக்காரரு. மரவள்ளி..."

களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, மண் ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினாள்.

"பயிரு நிக்குதுடி. வீட்டுக்குள்ள போய்ப் படிக்கலாம்."

அவளைக் கைப்பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஏழு வரியையும் படித்துக் காட்டினேன்.